‘வேர்ட்’ இல்லாத மடிக்கணினி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் இலவசமாகக் கொடுத்த மடிக்கணினி ஒன்று எங்களிடமே திரும்பி வந்தது.

கிள்ளானில் ஒரு கோவில் மண்டபத்தின் பின்னறையில்தான் எங்கள் பட்டறை. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு நீள மேசை, ஒரு காற்றாடி, நாலைந்து எக்ஸ்டென்ஷன் வயர், ஒரு மைலோ டின் நிறைய திருகாணிகள். அவ்வளவுதான். நிறுவனங்கள் ஒதுக்கித் தள்ளும் பழைய கணினிகளை அறநிறுவனங்கள் கேட்டு வாங்கி எங்களுக்கு அனுப்பும். நாங்கள் ஐந்தாறு பேர் அவற்றைத் திறந்து, தூசு தட்டி, பழுது பார்த்து, மென்பொருள் ஏற்றி, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். வார நாள்களில் நான் ஓர் அலுவலகத்தில் கணினி பராமரிப்பு வேலை பார்ப்பவன். ஞாயிறும் அதே வேலைதான். சம்பளம் மட்டும் கிடையாது, தேத்தண்ணி உண்டு.

அன்று வந்தவர் ஓர் அம்மா. காலையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்பவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நாங்கள் மூன்று வாரத்துக்கு முன் கொடுத்த மடிக்கணினி, சார்ஜரோடு.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. இத வேற யாருக்காச்சும் குடுங்க. இதுல வேர்ட் இல்லையாம். புள்ள ரெண்டு நாளா சரியா சாப்பிடல.”

“என்னாச்சுக்கா? உக்காருங்க முதல்ல.”

மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். பொதுப் பாடத்துக்கு இடுபணி. 14 பக்கம், படங்கள், அட்டவணைகள் எல்லாம் போட்டு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்திருக்கிறாள். முடித்துவிட்டுப் புலனத்தில் ஆசிரியருக்கு அனுப்பினால், அவர் கைப்பேசியில் அது திறக்கவே இல்லை. சரி, அச்செடுத்தே கொடுத்துவிடலாம் என்று அச்சுக் கடைக்குப் போனால், அங்கே திறந்தது. ஆனால் அட்டவணை இரண்டு பக்கத்துக்குப் பிளந்து கிடக்கிறது, படம் ஒரு மூலையில், அதன் விளக்கம் இன்னொரு பக்கத்தில். பக்கத்தில் நின்ற தோழி சொன்னாளாம்: “இது ஓசி கம்ப்யூட்டர்தானே, அதான் இப்படி.”

ஆசிரியர் நல்லவர். இரண்டு நாள் தவணை கொடுத்தார். அந்தப் பெண் தோழி வீட்டுக் கணினியில் உட்கார்ந்து பாதியைத் திரும்பத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டாள். இடுபணி தப்பித்தது. ஆனால் “ஓசி” என்ற அந்தச் சொல் அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கணினியைத் திறக்கவே மாட்டேன் என்கிறாளாம்.

நான் மடிக்கணினியை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் விஷயம் புரிந்தது. கணினியில் குறை இல்லை, மென்பொருளிலும் குறை இல்லை, அந்தப் பிள்ளை செய்ததிலும் தவறு இல்லை. தவறு எங்களுடையது. கொடுப்பதற்கு முன் மாற்றியிருக்க வேண்டிய ஓர் அமைப்பை மாற்றாமல் கொடுத்திருக்கிறோம். அது என்ன என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன், ‘வேர்ட்’ ஏன் போடவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த அம்மாவும் அதைத்தான் முதலில் கேட்டார்.

ஏன் ‘வேர்ட்’ இல்லை?

ஒரு நிறுவனம் தன் பழைய மடிக்கணினியைத் தானமாகக் கொடுக்கும்போது, அதில் இருந்த எல்லாமே கூட வந்துவிடுவதில்லை. விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அந்தக் கணினியோடு சேர்ந்தது. அது கூடவே வரும். மைக்ரோசாப்ட் ஆபிஸ் அப்படி இல்லை. நிறுவனங்கள் அதை மொத்தமாக உரிமம் எடுத்தோ சந்தா கட்டியோ பயன்படுத்துகின்றன. கணினி கைமாறினாலும் அந்த உரிமம் நிறுவனத்திடமே நின்றுவிடும். வீடு மாறிப் போகும்போது மேசை நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அஸ்ட்ரோ சந்தாவைக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா?

சில கணினிகளில் ஆபிஸின் சோதனைப் பிரதி இருக்கும். சில வாரம் ஓடும். பிறகு பணம் கட்டச் சொல்லும். கட்டாவிட்டால் பழைய கோப்பைத் திறந்து படிக்கலாம், அச்செடுக்கலாம். ஒரு வரி திருத்த முடியாது. இடுபணிக்கு முந்தின இரவு ஒரு பிள்ளைக்கு இது நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

“அப்படின்னா கிராக் போட்டுக் குடுத்துடலாமே” என்று சொல்பவர்கள் நிறைய பேர். நம் ஊரில் கணினிக் கடையில் அதைக் கேட்க யாரும் கூச்சப்படுவதுகூட இல்லை. நானும் அதைச் செய்தவன்தான். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடின. வீட்டில் ஒரே கைப்பேசி, மூன்று பிள்ளைகள் என்று ஊரெல்லாம் அல்லாடிய நேரம். என்னிடம் கிடந்த பழைய மடிக்கணினிகள் ஆறைச் சரி செய்து தெரிந்த குடும்பங்களுக்குக் கொடுத்தேன். அவசரம். பிள்ளைகள் ‘வேர்ட்’ கேட்டார்கள். திருட்டுப் பிரதியைப் போட்டேன். அதைப் போடுவதற்கு முன் வைரஸ் காப்பை அணைக்கச் சொன்னது; அணைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு பையன் அழைத்தான். அவனுடைய எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டிருந்தன. திறக்க வேண்டுமென்றால் பணம் அனுப்பச் சொல்லி ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. பாடக் குறிப்புகள் போனதுகூடப் பரவாயில்லை. அதற்கு முந்தின ஆண்டு தவறிப்போன அவன் அப்பாவின் படங்களைப் பழைய கைப்பேசியிலிருந்து எடுத்து அதில்தான் போட்டு வைத்திருந்தான். வேறெங்கும் பிரதி இல்லை. என்னால் மீட்க முடியவில்லை.

அந்தக் கிராக்தான் காரணம் என்று என்னால் சான்று காட்ட முடியாது. ஆனால் காப்பை அணைத்தது என் கை. அவன் இன்றும் என்னைப் பார்த்தால் “அண்ணே” என்று சிரித்துக்கொண்டே வருகிறான். எனக்குத்தான் முகம் கொடுத்துப் பேசக் கஷ்டமாக இருக்கும்.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்த நான் வரவில்லை. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் மென்பொருளுக்கும் பொருந்தும் என்பது தெரிந்ததுதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. தானம் என்று சொல்லி ஒரு பிள்ளையின் கையில் திருட்டுப் பொருளைக் கொடுக்கிறோம். வாங்கும் பிள்ளைக்கு அது திருட்டு என்றுகூடத் தெரியாது. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் கிராக் கிடையாது.

அப்படியானால் என்ன போடுகிறோம்?

லிப்ரே ஆபிஸ். இலவசம், சட்டப்படி. கடிதம், இடுபணி எழுத ரைட்டர், கணக்குக்கு கால்க், படைப்புக்கு இம்ப்ரெஸ். மைக்ரோசாப்டின் வேர்ட், எக்சல், பவர்பாயிண்ட் செய்யும் வேலைகளில் ஒரு வீட்டுக்கு, ஒரு பள்ளிப் பிள்ளைக்குத் தேவையான பெரும்பகுதியை இது செய்துவிடும்.

“இலவசம்னா மட்டமாத்தான் இருக்கும்” என்று நினைப்பவர்களுக்காக இதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். ஜெர்மனியில் மார்க்கோ பூரிஸ் என்ற இளைஞர் 1985இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தின் ஸ்டார் ஆபிஸ்தான் இதன் மூதாதை. அது காசுக்கு விற்கப்பட்ட மென்பொருள். 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கி, மறு ஆண்டு அதன் மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஓப்பன் ஆபிஸ் பிறந்தது. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனதும், அதே ஆண்டு செப்டம்பரில் அதில் உழைத்தவர்களில் பலர் தனியே பிரிந்து வந்து ‘தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அறக்கட்டளையின் கீழ் லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள். இன்றும் தொண்டூழியர்களும் சில நிறுவனங்களின் பொறியாளர்களும் சேர்ந்து அதை வளர்த்து வருகிறார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. நம் அரசாங்கம் 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அந்தக் காலத்தில் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்; ஓப்பன் ஆபிஸ் என்ற பெயர் சிலருக்காவது நினைவிருக்கும்.

எங்களைப் போன்ற சிறிய பட்டறைக்கு இதில் இருக்கும் வசதி இன்னொன்று. ஒருமுறை பதிவிறக்கினால் போதும். விண்டோஸுக்கான கோப்பு சுமார் 350 மெகாபைட்தான். ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஐம்பது கணினிகளிலும் நிறுவலாம். உரிம எண் கேட்காது, கணக்குத் திறக்கச் சொல்லாது. நீங்கள் அதைப் பிரதியெடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாலும் உரிமமே அதை அனுமதிக்கிறது.

கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு இருக்கும் மாணவர்களுக்கு கூகல் ஆவண வசதி இணையத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, நல்ல வசதி. ஆனால் நாங்கள் போகும் வீடுகளில் வைஃபை அரிது. அப்பா வேலை முடிந்து வந்தால்தான் ஹாட்ஸ்பாட். அப்பா வருவதற்குள் பிள்ளை எழுத வேண்டுமே! அதற்குக் கணினிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள் வேண்டும். பள்ளியை விட்டு வெளியே வந்தவர்களுக்கும் அம்மா அப்பாக்களுக்கும் டெலிமா கிடையாது என்பதையும் மறக்கக்கூடாது.

பட்டறையில் நடப்பது

அண்மையில் எங்களுக்கு வரும் கணினிகள் கூடியிருக்கின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய சில்லுகளை ஏற்றுக்கொள்வதில்லை, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளையும் அலுவலகங்கள் ஒதுக்குகின்றன. அவர்களுக்குக் குப்பை, எங்களுக்குச் சரக்கு.

வந்ததும் முதல் வேலை அழிப்பது. பழைய வன்தட்டாக இருந்தால் முழுவதையும் மேலெழுதி அழிப்போம், எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் அதற்கென்றே உள்ள அழிப்புக் கட்டளையைக் கொடுப்போம். கோப்புகளைக் குப்பைத்தொட்டியில் போட்டு ‘எம்டி’ கொடுத்துவிட்டால் அழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. யாருடைய சம்பளச் சீட்டையோ, யாருடைய அடையாள அட்டைப் படத்தையோ ஒரு பள்ளிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடக்கூடாது.

அடுத்து பேட்டரி. உப்பியிருந்தால் அதைத் தொடர்ந்து பயன்படுத்த விடுவதில்லை. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பிறகு, சுழலும் பழைய வன்தட்டை எடுத்துவிட்டுச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போடுவோம். ஒரு பழைய கணினிக்குச் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இதுதான் முதலிடம். ‘ஆன்’ செய்துவிட்டுப் போய் தேத்தண்ணி கலக்கி வரும் வரை சுற்றிக்கொண்டிருந்த கணினி, உட்கார்ந்த உடனே தயாராக இருக்கும். ரேம் 4 ஜிகாபைட்டாவது இருக்க வேண்டும். 8 இருந்தால் நிம்மதி.

விண்டோஸ் 11க்குத் தகுதியுள்ள கணினிகளுக்கு விண்டோஸ். மற்றவற்றுக்கு லினக்ஸ் மின்ட். மின்ட்டில் லிப்ரே ஆபிஸ் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸில் நாங்கள் நிறுவுவோம். அந்த அம்மாவின் மகளுக்குக் கொடுத்தது மின்ட் கணினி.

இனி, நாங்கள் கோட்டைவிட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

லிப்ரே ஆபிஸ் தன் கோப்புகளை இயல்பாக ஓ.டி.எஃப். என்ற வடிவத்தில் சேமிக்கும். அது 2006 முதல் ஐ.எஸ்.ஓ. அனைத்துலகத் தரம். யாருடைய தனிச் சொத்தும் இல்லாத நல்ல வடிவம். ஆனால் ஆசிரியரின் கைப்பேசிக்கு அது தெரியாவிட்டால் அதன் பெருமையை வைத்து என்ன செய்வது? அச்சுக் கடையின் வேர்ட் அதைத் திறந்தது; ஆனால் அட்டவணையையும் படங்களையும் தன் கணக்குப்படி இடம் மாற்றி வைத்தது. அந்தப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்காமல் “இந்தாம்மா, நல்லாப் படி” என்று கையில் கொடுத்து, படமெடுத்து, பத்து நிமிடத்தில் அனுப்பி வைத்திருக்கிறோம்.

அன்றே அந்த அம்மாவை வீட்டுக்கு அழைக்கச் சொல்லி, மகளை வரவழைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக அவள் கையாலேயே மாற்றச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் லிப்ரே ஆபிஸ் இருந்தால் இவற்றைச் செய்துவிடுங்கள்.

முதலாவது, சேமிக்கும் வடிவம். ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ஆப்ஷன்ஸ்’, அதில் ‘லோட்/சேவ்’, அதற்குள் ‘ஜெனரல்’. அங்கே, எப்போதும் எந்த வடிவத்தில் சேமிக்க வேண்டும் என்ற இடத்தில் வேர்டின் டாக்எக்ஸ் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்குத் தாளுக்கும் படைப்புக்கும் அதேபோல எக்சல், பவர்பாயிண்ட் வடிவங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

இரண்டாவது, எழுதி முடித்து ஒப்படைக்கும்போது பி.டி.எஃப்.ஆக மாற்றி அனுப்புவது. மேலே கருவிப்பட்டையிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. பி.டி.எஃப். எந்தக் கைப்பேசியிலும், எந்தக் கடையிலும் ஒரே மாதிரிதான் திறக்கும். ஆசிரியர் திருத்தித் தர வேண்டுமென்றால் டாக்எக்ஸ், பார்த்தால் மட்டும் போதுமென்றால் பி.டி.எஃப். இதை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிட்டேன்.

மூன்றாவது, எழுத்துரு. பள்ளியில் ஏரியல் 12 என்று கேட்பார்கள். லினக்ஸில் ஏரியல் இருக்காது. ஆனால் லிபரேஷன் சான்ஸ் என்ற எழுத்துரு இருக்கிறது. அதன் ஒவ்வோர் எழுத்தின் அகலமும் ஏரியலின் அகலத்துக்குச் சமமாகவே அமைக்கப்பட்டது. அதனால் வரிகள் மடங்கும் இடம் மாறாது. கேலிப்ரிக்கு அப்படி ஈடாக இருப்பது கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கேலடியா. கணினியில் இவை இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிட்டால் போட்டுவிட வேண்டும்.

நான்காவது, தோற்றம். ‘வியூ’ பட்டியலில் ‘யூசர் இன்டர்ஃபேஸ்’ போய் ‘டேப்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், பொத்தான்கள் எல்லாம் பள்ளியில் பார்த்துப் பழகிய வேர்ட் போலவே வரிசையாக வந்து நிற்கும். இதைப் பார்த்ததும்தான் அவள் முகம் கொஞ்சம் இளகியது.

ஐந்தாவது, தானாகக் காப்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுக்கும்படி வைத்தோம். பழைய பேட்டரியை நம்ப முடியாது அல்லவா?

அவள் கேட்ட கேள்வி

எல்லாம் முடிந்த பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். “அங்கிள், நாளைக்கு நான் வேலைக்குப் போனா அங்க வேர்ட், எக்சல்தானே இருக்கும்? இதுல பழகி என்ன பிரயோஜனம்?”

நியாயமான கேள்வி. மழுப்பக்கூடாது. ஆமாம், பெரும்பாலான அலுவலகங்களில் அவைதான் இருக்கும். எக்சலில் மேக்ரோ எழுதி வைத்திருக்கும் கோப்புகள் லிப்ரே ஆபிஸில் அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது. பவர்பாயிண்டில் அசைவுகள் நிறைய வைத்துச் செய்த படைப்பு இங்கே கொஞ்சம் இடறும். இரண்டு பேர் இரண்டு மென்பொருளில் ஒரே கோப்பை மாற்றி மாற்றித் திருத்தினால் அட்டவணைகள் நகரத்தான் செய்யும்.

ஆனால் தலைப்புக்குத் தனிப் பாணி கொடுத்து, அதிலிருந்து பொருளடக்கத்தைத் தானாக உருவாக்குவது. கூட்டல், சராசரி சூத்திரம் எழுதுவது. ஒரு பட்டியலை வரிசைப்படுத்தி வடிகட்டுவது. இவை எல்லா இடத்திலும் ஒன்றுதான். கான்சில் ஓட்டப் பழகியவன் மைவியில் ஏறினால் ஒரு மணி நேரம் தடுமாறுவான், பிறகு ஓட்டிவிடுவான். வீட்டில் ஓட்டிப் பார்க்க வண்டியே இல்லாதவன்தான் பின்தங்கிப் போவான். இதை அவளிடம் சொன்னேன். “சரி அங்கிள்” என்றாள். முழுதாக ஒப்புக்கொண்ட குரல் இல்லை. பரவாயில்லை, யோசிக்கட்டும்.

வாடிக்கையாக வரும் இன்னொரு கேள்வி தமிழைப் பற்றியது. தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? தாராளமாக. லிப்ரே ஆபிஸின் பட்டியல்களையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸில் தமிழ்99 விசைமுகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒலிப்பு முறையில் அடிப்பவர்களுக்கும் வழி உண்டு. கணினித் தமிழில் நம் நாட்டுக்கு ஒரு தனி இடமே இருக்கிறது. முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கத் தொடங்கியது 1985இல், இங்கேதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பழைய கோப்புகள் புதிய கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பழைய கேள்வித்தாள்களைக் கொண்டுவந்து, “கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு” என்று பதறினார். கெடவில்லை, எழுத்துருவை மாற்றும் கருவியில் போட்டு யூனிகோடாக்கினால் மீண்டும் தமிழாகிவிடும். உங்களிடம் அப்படிக் கோப்புகள் இருந்தால் இப்போதே மாற்றி வையுங்கள். அந்தப் பழைய எழுத்துரு இருக்கும் கணினி இன்னும் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

உங்களிடம் கேட்பது

உங்கள் அலமாரியில் ஒரு பழைய மடிக்கணினி தூங்கிக்கொண்டிருக்கலாம். கொடுக்க நினைத்தால் சீக்கிரம் கொடுங்கள். வைத்திருக்க வைத்திருக்க பேட்டரி கெடும், கணினிக்கும் வயதாகும். சார்ஜரையும் சேர்த்துக் கொடுங்கள். சார்ஜர் இல்லாமல் வரும் கணினிகள்தான் எங்கள் பட்டறையில் ஆக அதிக நாள் காத்துக் கிடப்பவை. உங்கள் கோப்புகளைப் பிரதியெடுத்துக்கொண்டு, எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறிவிட்டுக் கொடுங்கள். கடவுச்சொல் போட்ட கணினியாக இருந்தால், குறிப்பாகத் தொடக்கத்திலேயே கேட்கும் பயாஸ் கடவுச்சொல் இருந்தால், அதை எடுத்துவிட்டுக் கொடுங்கள். அலுவலகக் கணினி என்றால் உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

இளையர்களுக்கு இன்னொன்று. கணினி கொடுக்க முடியாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். திருகாணி கழற்றத் தெரிய வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எப்படிச் சேமிப்பது, எப்படி அனுப்புவது, பிரதியை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்தால் போதும். எங்களுக்கு ஆள் குறைவது அந்த வேலைக்குத்தான்.

நாங்களும் திருந்திவிட்டோம். இப்போதெல்லாம் கணினியைக் கொடுக்கும் நாளில் பத்து நிமிடப் படமெடுப்பு இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். வாங்குபவர் கையாலேயே ஒரு கடிதம் அடித்து, பி.டி.எஃப். ஆக்கி, என் கைப்பேசிக்கு அனுப்ப வேண்டும். அது என் கைப்பேசியில் திறந்தால்தான் கணினி வீட்டுக்குப் போகும். இரண்டு வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பும் உண்டு. இதனால் முன்பு ஒரு ஞாயிறுக்கு எட்டுக் கணினி கொடுத்த இடத்தில் இப்போது மூன்று, நான்குதான் கொடுக்க முடிகிறது. காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் திரும்பி வரும் கணினிகள் குறைந்திருக்கின்றன.

அந்த நாசி லெமாக் அக்காவுக்கு இரண்டு வாரம் கழித்து அழைத்தேன். மகள் கணினியைத் திறக்கிறாளா என்று கேட்டேன்.

“அவ ராத்திரிதான் தொறப்பா தம்பி. பகல்ல நான் தொறக்குறேன்.”

எனக்கு விளங்கவில்லை. மகள் கால்க்கில் அம்மாவுக்கு ஒரு தாள் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அரிசி, சந்தான், நெத்திலி, முட்டை, வாழை இலை, கேஸ் என்று ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய செலவு. கீழே பொட்டல எண்ணிக்கை. அதற்கும் கீழே, ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு நிற்கிறது என்று தானாக வரும் ஒரு கட்டம்.

“முட்டை வச்ச பொட்டலத்துல எனக்கு ஒண்ணுமே நிக்கல தம்பி. இத்தனை வருசமா அது அதிகமா ஓடுதுன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.”

விலையை ஏற்றுவதா, முட்டையைப் பாதியாக்குவதா என்று அம்மாவுக்கும் மகளுக்கும் இப்போது வீட்டில் விவாதம் நடக்கிறதாம். அதற்கு என்னிடம் மென்பொருள் இல்லை என்று சொல்லிவிட்டேன்.